இருபத்தெட்டில் நின்றது

மாதவிலக்கு நின்றபோது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, என் கணவர் பொன்னுசாமிக்குத் தென்னையும் நிலக்கடலையுமாக ஒரு தோட்டம் இருந்தது. எனக்கு இருபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியும் குழந்தை இல்லை. ஊரில் என் பெயர் ருக்குமணி என்பது பலருக்கு மறந்தே போயிருந்தது. எந்தக் காரியத்துக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் முன்னால் நிற்க விடமாட்டார்கள்.

இரண்டு மாதம் தள்ளிப்போனதும், “முழுகாம இருக்கறா” என்று அத்தை பக்கத்துத் தோட்டம் வரைக்கும் சொல்லிவிட்டார். கணவரின் தாயாரை நான் அத்தை என்றுதான் அழைப்பேன். கிணற்றடியில் என் இடுப்பிலிருந்து குடத்தை அவரே வாங்கிக்கொண்டார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். அந்த வீட்டில் நான் மரியாதையோடு இருந்தது அந்தச் சில வாரங்கள் மட்டும்தான்.

பிறகு வெப்பம் வந்தது. கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். மார்பிலிருந்து கழுத்து, காது, நெற்றி என்று சூடு விறுவிறுவென ஏறியது. முகம் சிவந்து, ரவிக்கை நனைந்து, அடுத்த நிமிடமே உடம்பு குளிர்ந்துபோனது. ஒரே நாளில் பலமுறை இப்படி வந்தது. கர்ப்பத்தில் இப்படியும் இருக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வராந்தா முழுக்கப் பெண்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்காக வேன் வைத்துக் கூட்டிவந்திருந்தார்கள். சுவரில் சிவப்பு முக்கோணம். நர்ஸ் என்னையும் அவர்களோடு சேர்த்துவிட்டு, “குழந்தை எத்தனை?” என்று கேட்டார். இல்லை என்றேன். “பின்னெ எதுக்கு இங்கே நிக்குது?” என்று வேறு பக்கம் கை காட்டினார். உள்ளே டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கர்ப்பமில்லை என்று சொன்னார். வேறு ஏதோ இருக்கிறது, பெரிய இடத்தில் காட்டுங்கள் என்றார்.

திரும்பி வந்த மறுநாள் காலை, அடுப்படியில் அத்தையும் நானும் மட்டும் இருந்தோம். எனக்கு வெப்பம் ஏறியது. முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். நிமிர்ந்தபோது அத்தையும் அதே நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏனம்மிணி, நெஞ்சிலிருந்து மேல ஏறுதா?” என்று கேட்டார்.

“ஆமாங்க அத்தை.”

“பொறவு குப்புனு வேர்த்து, சில்லுனு ஆவுதா?”

“ஆமாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு ஆறு மாசமா இதேதான் அம்மிணி.” அடுப்பிலிருந்து என் பக்கம் திரும்பினார். “எனக்கு அம்பது ஆவப்போகுது. உனக்கென்ன கேடு?”

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மோர் கலக்கிக் கொடுத்தார். அந்த ஒரு காலைப் பொழுதில் அவர்தான் எனக்குத் துணை. என் உடம்புக்கு என்ன ஆகிறது என்று அவருக்குத்தான் முதலில் புரிந்தது. புரிந்த அன்றே மகனுக்கு வேறு பெண் பார்க்கவும் முடிவெடுத்துவிட்டார் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரி ரயிலில் போகும் தூரத்தில் இருந்தது. அதன் பெயரை எழுத விரும்பவில்லை. அங்கே பெண்களின் சுரப்புகள் (உடம்பில் ஊறி ரத்தத்தில் கலந்து வேலை செய்பவை) பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு டாக்டரம்மா இருந்தார். நிதானமானவர். என் தோளைத் தொட்டுப் பேசுவார். தமிழில் மலையாளம் கலந்துவரும்.

“பேடிக்கேண்டா, பயப்பட வேண்டாம் ருக்குமணி. உங்களப் போல இத்ர சின்ன வயசில நின்னுபோன ஆள்களைப் பற்றித்தான் நான் படிக்கிறேன்.”

படிக்கிறேன் என்றால் குணப்படுத்துகிறேன் என்று நான் எடுத்துக்கொண்டேன். நோயாளிக்கு வேறு எப்படிப் புரியும்?

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. ஒரு பகலும் ஓர் இரவும் கழிக்கும் சிறுநீர் முழுவதையும் பெரிய கண்ணாடி ஜாடியில் சேர்க்க வேண்டும். அதில் சில சுரப்புகளின் அளவைப் பார்ப்பார்களாம். ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நான் வராந்தா நெடுக நடப்பேன். எதிரே பிரசவமான பெண்கள் குழந்தையை அப்படித்தான் அணைத்துக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு நான் வழிவிட்டு ஒதுங்கி நிற்பேன்.

அடுத்து ஆபரேஷன். வயிற்றைத் திறந்து சினைப்பையில் (கருமுட்டை இருக்கும் இடம்) ஒரு சிறு துண்டு எடுக்க வேண்டும் என்றார்கள். “எடுத்தா சரியாகுமுங்களா?” என்று கேட்டேன். “எடுத்தால்தான் அறியலாம்” என்றார் டாக்டரம்மா. ஆங்கிலக் காகிதத்தில் கணவர் கையெழுத்துப் போட்டார். காட்டிய இடத்தில் நானும் தமிழில் போட்டேன். எனக்கு நோவு பெரிதாகத் தெரியவில்லை. உள்ளே அடைத்திருந்ததைத் திறந்துவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டு படுத்திருந்தேன்.

தையல் பிரித்ததும் மாத்திரை கொடுத்தார்கள். ஈஸ்ட்ரோஜன் (சினைப்பையில் இயல்பாக ஊறும் சுரப்பு, வெளியிலும் தயாரிக்கிறார்கள்) என்று பெயர். மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் விட வேண்டும். வெப்பம் அடங்கியது. தூக்கம் வந்தது. விட்ட வாரத்தில் தீட்டும் வந்தது.

அன்று நான் அழுத அழுகையைப் பார்த்து, பால் கறக்க வந்த ஆள், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தான். கணவரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், “சரி, நல்லது” என்று சொல்லிவிட்டு வாய்க்காலுக்குப் போய்விட்டார். கூச்சம் என்று நினைத்தேன். அத்தை மட்டும், “உனக்கு மறுபடி வந்துருச்சா? எனக்கு இன்னும் காந்துது” என்று ஏதோ ஏமாற்றப்பட்டவர் போலச் சொன்னார்.

ஐந்தாறு மாதம் தவறாமல் வந்தது. ஒவ்வொரு மாதமும் நாள் தள்ளிப்போகாதா என்று காத்திருந்தேன். போகவில்லை. மறுபரிசோதனைக்குக் கணவரோடு போனபோது, டாக்டரம்மாவைச் சுற்றி மாணவர்கள் நின்றிருந்தார்கள். என் சேலையை விலக்கித் தழும்பைக் காட்டி ஆங்கிலத்தில் பாடம் நடந்தது. முடிந்ததும் கேட்டேன்.

“தீட்டு ஒழுங்கா வருதுங்க டாக்டர். கொழந்தை எப்ப நிக்கும்?”

டாக்டரம்மா என் கணவர் நின்ற திசையைப் பார்த்தார்.

“இது மாத்திரையால வர்றது. மாத்திரை நிறுத்தினால் நிக்கும். சினைப்பையில முட்டையே இல்லை, ருக்குமணி. ஆபரேஷன் கழிஞ்சதும் உங்க பர்த்தாவிடம் விளக்கமா பறஞ்சேனே!”

என் வயிற்றைப் பற்றி யார் யாருக்குத் தெரியும் என்று அப்போதுதான் யோசித்தேன். கணவருக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியும். பெயர் தெரியாத இந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பாலக்காட்டில் இறங்கிக் கஞ்சிக்கோடு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். ஷிப்டு முடிந்த தொழிலாளர்கள் கம்பியைப் பிடித்து நின்றிருந்தார்கள்.

“ஏனுங்க, எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?” என்றேன்.

“சொன்னா நீ தாங்கமாட்டீனுதான்.”

“தாங்குறனா இல்லியானு நான்தானுங்களே பாக்கோணும்?”

தொழிற்சாலைகளைத் தாண்டிய பிறகு, “அம்மா கோபாலபுரத்துப் பக்கம் ஒரு பொண்ணு பாத்துருக்கறாங்க. உன்ன விட்டுப்போட மாட்டேன் ருக்கு. நீயும் ஊட்டுலயே இருக்கலாம்” என்றார்.

தீட்டு வந்ததென்று நான் அழுத அன்றே, வாய்க்காலுக்கென்று போனவர் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

நான் முன்னின்று தாலி எடுத்துக் கொடுத்தால் குடும்பத்துக்கு நல்லது என்று உறவுக்காரர்கள் வந்து பேசினார்கள். மூத்தவளுக்கு மூத்தவளாக இரு என்றார்கள். நான் என் துணிமணிகளை எடுத்துக்கொண்டு வேலந்தாவளத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அத்தை வாசல் வரை வந்தார். “மாத்திரைய மறக்காம எடுத்துக்கிட்டயா?” என்று மட்டும் கேட்டார். அந்த அக்கறையை இன்றுவரை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மாத்திரை தீர்ந்ததும் தனியாகவே ரயிலேறிப் போனேன். டாக்டரம்மா நாற்காலி போடச் சொன்னார்.

“ஆராய்ச்சி முடிஞ்சது, ருக்குமணி. அந்த மாத்திரை இனி இங்கே வராது. வெளியில கிடைச்சாலும் வெகுநாள் சாப்பிடறது நல்லதா என்னு எங்களுக்கே நிச்சயமில்லை.”

“நிறுத்துனா என்னாகுமுங்க?”

“சூடு திரும்ப வரும். கொஞ்ச காலத்தில தானே அடங்கும். எலும்பு பார்த்துக்கணும். பால் குடிக்கணும்.” பிறகு என் கையைப் பிடித்து, “உங்களால நாங்க எத்ரயோ கார்யம் படிச்சோம்” என்றார்.

“எனக்கும் கொஞ்சம் படிச்சுக் குடுத்திருக்கலாமுங்க” என்றேன்.

அவர் என் கையை விட்டார். கெட்டவர் அல்லர். என்னிடம் நேராகச் சொன்னது அவர் ஒருவர்தான், அதுவும் நான் கேட்ட பிறகு.

வெப்பம் திரும்பி வந்தது. முப்பது வயதில் மயிர் கொட்டி, தோல் வறண்டு, முழங்கால் வலியோடு அண்ணன் வீட்டு எருமைகளைக் கறந்தேன். அண்ணியைவிட நான் இளையவள். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே சாணி அள்ளுவார். சுகாதாரப் பணியாளர் வந்தால் என் வயிற்றுத் தழும்பைப் பார்த்துக் கருத்தடை என்று நினைத்து, “இங்கே ஆபரேஷன் ஆச்சு” என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நானும் மறுத்ததில்லை.

சில வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் பேரன். “எனக்கு அந்தக் காந்தல் சுத்தமா நின்னுபோச்சு அம்மிணி. உனக்கு?” என்றார். “எனக்கும் நின்னுபோச்சுங்க” என்றேன். ஒரே வயதுக்காரிகள் போல இருவரும் சாப்பிட்டு எழுந்தோம்.

இதை வாசிக்கும் பெண்களில் யாருக்காவது நாற்பதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றிருக்கலாம். இப்போது சிலர் இதை ‘மாதவிடாய் நிறைவு’ என்று எழுதுகிறார்கள். என்ன நிறைந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்வேன். பரிசோதனை முடிவு வரும்போது அறைக்குள் நீங்கள் இருங்கள். கணவரிடம் சொல்லியாகிவிட்டது என்றால், எனக்கும் சொல்லுங்கள் என்று அங்கேயே நில்லுங்கள். உடம்பில் துண்டு எடுப்பது எனக்காகவா உங்களுக்காகவா என்று கேளுங்கள். எங்களுக்காகத்தான் என்று அவர்கள் சொன்னால், அதற்குப் பிறகும் சரி என்று சொல்லலாம். அது உங்கள் விருப்பம். என்னிடம் கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

நாற்பத்தைந்து வயதிருக்கும்போது ஈரத் தரையில் கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு ஒடிந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த இளம் டாக்டர், இந்த எலும்புக்கு எழுபது வயது சொல்லலாம் என்றார். தீட்டு நின்ற வயதைக் கேட்டார். சொன்னேன்.

“முப்பத்தெட்டா?”

“இருபத்தெட்டுங்க.”

பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். கண்ணில் ஓர் ஒளி. “கொஞ்சம் இருங்கம்மா, எங்க பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன். உங்கள அவர் கண்டிப்பா பார்க்கணும்.”

“அவரு பாக்க வேண்டாமுங்க. கையை மட்டும் கட்டிவிடுங்க” என்றேன்.

அவர் தயங்கி உட்கார்ந்தார். மாவுக்கட்டுக்காகக் கையை நீட்டினேன். வீக்கத்துக்கு மேலே, முழங்கைவரை, அது நாற்பத்தைந்து வயதுக்காரியின் கைதான். எருமை கறந்து உரமேறிய கை. உள்ளே எலும்பு என்னைவிட்டு வெகுதூரம் முன்னால் போய்விட்டிருந்தது. ஈரத் துணியைச் சுற்றச் சுற்ற, அந்த இரண்டு வயதையும் அசையாமல் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.