ஒன்றரை அங்குலம் குறைந்த சைக்கிள்

அளவு விஷயத்தில் நான் கொஞ்சம் திமிர் பிடித்தவன். புனேக்குப் பக்கத்தில் தளேகாவ் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் எனக்கு வேலை. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்தைத் தூக்கி எறிந்துவிடுவேன். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. "உங்களக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ஸ்கேலக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பாள் என் மனைவி. அப்படிப்பட்ட நான், என் வாழ்க்கையில் கையால் செய்த ஒரே சைக்கிளை ஒன்றரை அங்குலம் குட்டையாகச் செய்தேன். அதுவும் அவளுக்கென்று செய்த சைக்கிள்.

எழுபதுகளின் கடைசி அது. புனேயில் கட்கி பக்கம் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். நான் லோக்கல் ரயில் பிடித்துத் தளேகாவ் போவேன். அவள் கேம்ப் ஏரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். ஏழு மணிக்குப் பள்ளி மணி அடித்துவிடும். எங்கள் பக்கத்து முதல் பஸ்ஸை நம்பினால் பிள்ளைகள் ஜெபம் முடித்து உட்கார்ந்திருப்பார்கள். அதனால் சைக்கிள்தான். ஊரே சைக்கிளில் போன காலம், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அவள் நல்ல உயரம். என்னைவிட உயரம். இதைச் சொல்ல இப்போது எனக்குக் கூச்சம் இல்லை, அப்போது இருந்தது. அவள் உயரத்தைக் காரணம் காட்டியே மூன்று மாப்பிள்ளைகள் வேண்டாம் என்றிருந்தார்கள். நாலாவதாகப் போய்ப் பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் பெல்பாட்டம் பேன்ட்டும் உயரமான குதி வைத்த பூட்ஸும் ஃபேஷன். மற்றவர்கள் ஸ்டைலுக்குப் போட்டார்கள். நான் எதற்குப் போட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். இரண்டு அங்குலக் குதி. வீட்டுக்குள் வெறுங்கால், அங்கே யார் பார்க்கப்போகிறார்கள். வெளியே மெயின் ஸ்ட்ரீட்டில் நாங்கள் சேர்ந்து நடந்தால் கடைக் கண்ணாடியில் ஓரக்கண்ணால் பார்ப்பேன். ஒரு நூல் அளவு நான்தான் கூடத் தெரிவேன். எல்லாம் பூட்ஸின் சாமர்த்தியம் என்று ஏழு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு முட்டி வலி. கல்யாணமாகி ஓரிரண்டு வருடத்திலேயே ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டில் காபி வாசனையைவிடத் தைல வாசனை அதிகம். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தேய்த்துவிடுவேன். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பில் கோளாறு இல்லை என்றார். பிறகு அவள் எந்தச் சைக்கிளில் போகிறாள் என்று கேட்டார். கடையில் கிடைக்கும் லேடீஸ் சைக்கிள் எல்லாம் ஒரே குட்டை அளவு. அதில் இவள் ஏறினால் முட்டி ஹேண்டிலில் இடிக்கும். "சைக்கிளை விட்டுடுங்க, இல்லேன்னா முப்பத்தஞ்சு வயசுல கம்பு ஊனணும்" என்றார் டாக்டர்.

சைக்கிளை விட்டால் வேலையை விட வேண்டும். அன்று சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு தேய்த்துக்கொண்டே, "தீபாவளி லீவு வரைக்கும் பாக்கறேங்க. அப்புறம் எழுதிக் குடுத்துடறேன்" என்றாள். வகுப்புக்கென்று வரைந்துகொண்டிருந்த பறவைப் படங்களைச் சுருட்டி அலமாரி மேல் வைத்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அழாமல் சப்பாத்தி தேய்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் சொன்னேன்: "ஒலகத்துல சைக்கிளுக்கா பஞ்சம்? ஒன் அளவுக்கு நான் பண்ணித் தர்றேன்."

சொல்லிவிட்டேனே தவிர, சைக்கிள் செய்வது அவ்வளவு லேசான காரியம் இல்லை. பழைய சாமான் விற்கும் ஜுனா பஜாரில் நாலு ஞாயிறு அலைந்து, எப்போதோ யாரோ வெள்ளைக்காரன் ஓட்டிய ரேஸ் சைக்கிள் ஒன்றின் எலும்புக்கூட்டைக் கண்டுபிடித்தேன். சுண்டினால் கோயில் மணிபோல் ஒலிக்கும் மெல்லிய எஃகுக் குழாய்கள். கோரேகாவ் பார்க்கில் தங்கியிருந்து ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன ஐந்து அடுக்குக் கியரும் கிடைத்தது. சமையல் மேடையின் ஓரத்தில், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்றைப் பொருத்தினேன். குழாய் முனைகளை அங்கேதான் அராவினேன். "சாம்பார்ல இரும்புச் சத்து நல்லா எறங்குது" என்றாள் அவள். குழாய்களைப் பித்தளை உருக்கி ஒட்டும் வேலைக்கு மட்டும் ஸ்டேஷன் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவருடைய ஷெட்டில் இடம் வாங்கிக்கொண்டேன்.

ரேஸ் சைக்கிள் போல எடை குறைவாக, ஆனால் புடவைக்கு வழிவிட்டு மேல் குழாயைச் சாய்வாக வைக்கத் தீர்மானித்தேன். ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டிலும் என்னிடம் இருந்தது. அதைக் காட்டியபோது அவள் ஒரே பேச்சாக மறுத்துவிட்டாள்.

"அது வேணாம். நேரா ஒக்காந்து ஓட்டறமாதிரி வைங்க. குனிஞ்சது போதும்."

பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளிடம் குனிந்து குனிந்து அலுத்துவிட்டாள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் அறிவு.

பிறகு அளவு எடுத்தேன். கால் நீளம்தான் சைக்கிளுக்கு உயிர். இடுப்பெலும்பிலிருந்து தரை வரைக்கும் டேப் பிடிக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு முனையையும் பிடித்தால் பிசகும் என்பதால் பக்கத்து வீட்டு மராட்டி அம்மாளைக் கூப்பிட்டேன். நாங்கள் அவரை வஹினி என்போம், அண்ணி மாதிரி. வஹினி தரையில் உட்கார்ந்து டேப்பின் கீழ் முனையைப் பிடித்துக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றவளை அண்ணாந்து பார்த்தார்.

"அக பாயி, கித்தீ உஞ்ச!" என்றார். அடியம்மா, எவ்வளவு உயரம் என்று வியந்ததுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

நான் இடுப்பெலும்புக்கு நேராகக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டேன். மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் ஒரே அளவு. எனக்கு ஒரே பெருமை.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு சைக்கிள் தயாராகிவிட்டது. கரும்பச்சைப் பெயின்ட். தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கோட்டம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. புடவை சிக்காமல் பின்சக்கரத்துக்கு வலை கட்டியிருந்தேன். அவள் சந்து முனை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எப்படி இருக்கு?"

"காத்து மாதிரி போவுது!"

"முட்டி?"

"நல்லா இருக்கு" என்றாள்.

லீவு முடிந்து பள்ளி திறந்தது. அவள் எழுதிக் கொடுக்கவில்லை. பறவைப் படங்களை அலமாரி மேலிருந்து இறக்கி எடுத்துக்கொண்டு போனாள். நான் டூல் ரூமில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சைக்கிள் புராணம் பாடினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை நான் சீக்கிரம் வீடு திரும்பியபோது கதவைத் திறந்ததும் தைல வாசனை. அவள் அவசரமாகப் புடவையை இறக்கிவிட்டுக்கொண்டாள். மறுநாள் மாதா கோயிலுக்குப் போகும்போது என் பழைய கறுப்புச் சைக்கிளில் வேண்டுமென்றே பின்தங்கினேன். சங்கம் பாலம் வரைக்கும் அவள் கால்களையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். நன்றாக நீள வேண்டிய கால் நீளவே இல்லை. ஒவ்வொரு மிதிக்கும் முட்டி மேலே மேலே வந்தது. சைக்கிள் அவளுக்குக் குட்டை.

வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு சைக்கிளோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு குழாயும் நான் வரைந்து வைத்த காகிதத்தோடு அச்சாகப் பொருந்தியது. கதவு நிலையில் இருந்த கோட்டையும் அளந்தேன். அதுவும் சரி. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"சைக்கிள் சரியாத்தான் இருக்கு. நீதான் தப்பா இருக்கே!" என்று கத்தினேன். இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஆமாங்க. அன்னைக்கு நான் நேரா நிக்கல."

"என்னது?"

"முட்டிய மடிச்சிட்டு நின்னேன். புடவைக்குள்ள தெரியாது. வஹினி ஒசரம்னு சொன்னதும் தானா மடிஞ்சுடுச்சு. நீங்க பக்கத்துல வேற இருந்தீங்க."

"அளவெடுக்கும்போது போயி எதுக்கு?"

"பழக்கம்."

"எத்தன நாளா இந்தப் பழக்கம்?"

அவள் அரிசியை இன்னொரு தடவை களைந்தாள். அது ஏற்கெனவே இரண்டு தடவை களைந்த அரிசி.

"நீங்க பொண்ணு பாக்க வந்தீங்கல்ல, அன்னையிலேருந்து."

நான் டேப்பைக் கீழே வைத்தேன். அவளே சொன்னாள்.

"ஜன்னல் வழியா உங்க பூட்ஸப் பாத்தேன். வாசல்ல கழட்டி வெச்சிருந்தீங்க. அவ்ளோ பெரிய குதி. அதக் கழட்டிட்டு உள்ள வந்து நின்னப்போ உங்க மொகம் சின்னதாப் போயிடுச்சு. பாவமா இருந்துச்சு. காபித் தட்ட எடுத்துட்டு வரும்போதே முட்டிய மடிச்சிக்கிட்டேன்."

"ஒங்கம்மா சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. முன்னாடி வந்த மூணு பேருக்கும் நேராத்தான் நின்னேன்." கையில் ஒட்டிய அரிசியை உதறிவிட்டுச் சொன்னாள்: "உங்களப் புடிச்சிருந்துச்சு."

ஏழு வருடம். கல்யாணத்தில், மாதா கோயிலில், பஸ் ஸ்டாப்பில், மெயின் ஸ்ட்ரீட் கடைக் கண்ணாடி முன்னால், நான் ஓரக்கண்ணால் பார்த்துப் பெருமைப்பட்ட ஒவ்வொரு தடவையும் அவள் புடவைக்குள் முட்டியை மடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள், நடந்திருக்கிறாள். அந்த முட்டிக்குத்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தைலம் தேய்த்திருக்கிறேன். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. சமையல் மேடையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். அவள் ஈரக்கையோடு வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் டேப்பை எடுத்தேன். இந்தத் தடவை வஹினியைக் கூப்பிடவில்லை. டேப்பின் நுனியைத் தரையில் என் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டேன்.

"நேரா நில்லு."

"நேராத்தான் நிக்கறேன்."

"இன்னும்."

கதவு நிலையில் முதுகை ஒட்டி அவள் மெல்ல நிமிர்ந்தாள். பழைய பென்சில் கோட்டுக்கு ஒன்றரை அங்குலம் மேலே புதுக்கோடு விழுந்தது. பிறகு, சைக்கிளுக்குத் தேவையில்லை என்றாலும், அவள் உச்சந்தலைக்கும் ஒரு கோடு போட்டேன். அதற்கு நான் எக்க வேண்டியிருந்தது. அவள் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு என்னையும் அதே நிலையில் சாய்த்து நிறுத்தி, என் தலைக்கும் ஒரு கோடு போட்டாள். நாங்கள் தள்ளி நின்று இரண்டு கோடுகளையும் பார்த்தோம். அவள் நடுவில் விரல்களை வைத்து அளந்தாள். நாலு விரல்.

"இவ்ளோதானா?" என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

சீட்டை உயர்த்தினால் போதுமே, அரை மணி நேர வேலை என்று ஷெட்காரர் சொன்னார். போதும்தான். ஆனால் சீட்டு ஏறினால் ஹேண்டில் தாழ்ந்துபோகும், அவள் குனிந்து பிடிக்க வேண்டியிருக்கும். முடியாது என்றேன். பித்தளையை உருக்கி மூட்டுகளைக் கழற்றி, பின்குழாயையும் முன்குழாயையும் நீளமாக வைத்து முழுச் சட்டத்தையும் மறுபடி ஒட்டினேன். அதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் இருட்டோடு எழுந்து அவளை என் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, ஸ்டேஷனுக்கு ஓடி அடுத்த லோக்கலைப் பிடித்தேன். டூல் ரூமில் லேட்டாக வந்ததற்குத் திட்டு வாங்கினேன். நடுவில் ஒரு நாள் பூட்ஸைச் செருப்பு தைப்பவரிடம் கொண்டுபோய்க் குதியை அறுத்துவிடச் சொன்னேன். "அரே சாப், நல்ல பூட்ஸ் கெட்டுப்போயிடும்" என்று அவர் இந்தியில் பதறினார். பரவாயில்லை என்றேன். இரண்டு நாள் நடை தள்ளாடியது, அப்புறம் பழகிவிட்டது.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளி திறந்த காலை. நல்ல குளிர். அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். பால் வாங்கப் போகிறவர்கள், ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் எங்களைக் கடந்து போனார்கள். வஹினியும் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முட்டி மடிகிறதா என்று நான் புடவைக் கொசுவத்தையே உற்றுப் பார்த்தேன். மடியவில்லை. என் பக்கத்தில், அத்தனை பேருக்கு முன்னால், அவள் முழு உயரத்துக்கு நின்றாள்.

"பாத்துப் போ" என்றேன், அண்ணாந்து.

"இனிமே உங்களுக்குக் கழுத்து வலிக்கப்போவுது" என்றாள்.

"தைலம் இருக்குல்ல" என்றேன்.