பரஸ்தானத்தில் போன மூக்குக் கண்ணாடி

நானும் அப்பாவும் காஷ்மீருக்குக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுத்த வீடு வரைக்கும்.

அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். ஊருக்குப் போகிற நாளில் திசை சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரம் பார்த்து, போகிறவருடைய வேட்டி துண்டோடு அவர் கையாளும் சாமான் ஒன்றிரண்டையும் மூட்டையாகக் கட்டி வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். மூட்டை வாசல்படி தாண்டிவிட்டால் ஆளே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. ஒரே ஒரு நிபந்தனை, அது திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. கிளம்புகிற அன்று எடுத்துக்கொண்டு அப்படியே போய்விட வேண்டும்.

எங்களுக்குப் புதன்கிழமை கிளம்பத் தோதாக இருந்தது. பெங்களூரிலிருந்து புது டயர்கள் செவ்வாய் சாயங்கால ரயிலில் வருவதாக ஏற்பாடு. புதனன்று வடக்கே சூலம். வியாழன் வரைக்கும் பொறுங்களேன் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அப்பா கேட்கவில்லை. ஒரு நாளுக்கு என்ன இப்படிப் பறக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்பா மராமத்து இலாகாவில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மைசூர் மகாராஜா சீமையில் பாதி ரோடு தான் போட்டது என்று சொல்லிக்கொள்வார். கால்வாசி என்று நான் வைத்துக்கொள்வேன். வடக்கே பனி விழுகிற மலை மேல் ரோடு போட்டிருக்கிறார்களாம், அதில் தன் கையால் மோட்டார் ஓட்டிக்கொண்டு போய்ப் பனியைப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை. இதற்காகவே குடகில் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் கழித்துவிட்ட துணிக்கூரை மோட்டாரை வாங்கி, ஆறு மாதமாக அதைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். பாலமில்லாத ஆறுகளில் இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி வண்டியை ஏற்ற வடக்கயிறு, மணலில் சக்கரம் புதைந்தால் அடியில் விரிக்கத் தென்னைநார்ப் பாய், மண்வெட்டி, பெட்ரோல் டின்கள் என்று கூடம் முழுக்கச் சாமான். அம்மா அவற்றுக்கு நடுவில் கால் வைக்க இடம் தேடி நடப்பாள்.

அவள் சம்மதித்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான். "ஸ்டியரிங்கை நீங்கதான் பிடிக்கணும். இவன் தொடப்படாது. அப்படின்னா போயிட்டு வாங்கோ."

அதற்குக் காரணம் உண்டு. நான் ஹைஸ்கூல் வாத்தியார், வயது இருபத்துநாலு. ஒரே ஒரு தடவை அந்த மோட்டாரைத் தெருவில் ஓட்டிப் பார்த்தேன். அடுத்த வீட்டு மாட்டுத்தொழுவத்தின் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பசுவுக்கு எதிரில் நின்றேன். அடுத்த வீட்டார் கன்னடக்காரர்கள், தங்கமான மனிதர்கள். சுவரைப் பூசிக்கொண்டு சிரித்தார்கள். என் அம்மா சிரிக்கவில்லை.

அந்த வீட்டில்தான் பரஸ்தானம் வைத்தோம். நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது அம்மா அவசரப்படுத்தினாள். அப்பாவின் வேட்டி, துண்டு, கொஞ்சம் அரிசி, மேஜை மேல் இருந்த தோல் உறை ஒன்று எல்லாவற்றையும் வாரிக் கட்டிக்கொண்டு ஓடினேன். உறைக்குள் அவருடைய பேனாக்கத்தி இருக்கிறது என்று நினைப்பு. திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான், கத்தி மேஜை மேலேயே கிடப்பதைப் பார்த்தேன். நான் கொண்டுபோய் வைத்தது அவருடைய மூக்குக் கண்ணாடி. அவருக்கு இருந்ததே அந்த ஒன்றுதான்.

மறுபடியும் ஓடினேன். அடுத்த வீட்டு அம்மா மூட்டையைச் சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில் பலகை போட்டு வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கையையும் விரித்து வழி மறித்தார். "பேடப்பா, தெகீபாரது! வெச்சதை எடுக்கலாமா? போற காரியம் என்ன ஆகறது?"

வெறுங்கையோடு வந்து அப்பாவிடம் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டு விழப் போகிறது என்று காத்திருந்தேன். அவர் சாதாரணமாக, "இருக்கட்டும்டா, மூணு நாள்தானே" என்றார். அவருடைய கோபத்தில் வளர்ந்த எனக்கு அந்தப் பொறுமை சுகமாக இல்லை.

அன்று மத்தியானம் வரைபடத்தை எடுத்து வரச் சொன்னார். அந்தப் பெரிய தாளின் பின்பக்கம் நான் பென்சிலால் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். அப்படியே கொண்டுவந்து மேஜையில் விரித்தேன், திருப்பிப் போட மறந்துவிட்டது. அப்பா விரலால் தாளின் மடிப்புகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று தடவினார். மூன்றாவது மடிப்பில் விரலை நிறுத்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "இதோ நர்மதை. இங்கே படகுக்காரன்கிட்ட முன்னாடியே பேசிடணும்" என்றார்.

அவர் விரல் 'டயர் ட்யூப் நான்கு, மண்வெட்டி ஒன்று' என்ற வரியின் மேல் இருந்தது.

கண்ணாடி இல்லாததால் இப்படி என்று ஒரு நிமிஷம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நேற்றும் முந்தாநாளும், கண்ணாடி போட்டுக்கொண்டே, அவர் இதே மாதிரிதான் மடிப்பைத் தடவி, என் முகத்தைப் பார்த்துப் பேசினார். பேப்பரை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். வாத்தியாருக்கு உச்சரிப்புப் பழக்கம் வேண்டாமா என்று காரணம் வேறு. கண்ணாடி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற நிலைமைக்கு அவர் எப்போதோ வந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

சாயங்காலம் அம்மா பயணத்துக்குப் பருப்புப் பொடி இடித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று போய் நின்றேன். சொன்னால் பயணம் அந்த நிமிஷமே நின்றுவிடும், அப்பா பனியைப் பார்க்கவே மாட்டார். சொல்லாவிட்டால் ஏதோ ஒரு மலைச்சரிவில் இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சேருவோம். அவள் உலக்கையை நிறுத்தி, "என்னடா?" என்றாள்.

"ஒண்ணுமில்லை."

"அவர் ஓட்டினா எனக்குப் பயமில்லை" என்று சொல்லிவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் வார்த்தையை மென்று முழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஒத்திகை. சாமான் முழுவதையும் ஏற்றி, சாமராஜநகர் ரோட்டில் போய், ஒரு காய்ந்த ஓடையின் மணலில் வண்டியை இறக்கி ஏற்றிப் பார்ப்பதாகத் திட்டம். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார். இடது பக்கம் நான்.

என்ன ஆச்சரியம், அப்பழுக்கில்லாமல் ஓட்டினார். நஞ்சன்கூடு தாண்டி ஒவ்வொரு வளைவும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. "இப்போ ஒரு புளியமரம் வரும், அது தாண்டினா மோரி" என்பார், சொன்னபடியே ரோட்டுக்கு அடியில் அந்தச் சின்ன மதகு வரும். எதிரே மாட்டுவண்டி வந்தால் சலங்கைச் சத்தம் கேட்டே ஒதுங்கிக்கொண்டார். என் சந்தேகம் தப்போ, பெற்ற தகப்பனை இப்படி நினைத்துவிட்டோமே என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. அது அவரே போட்ட ரோடு. அவர் பார்த்து ஓட்டவில்லை, மனப்பாடத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். நர்மதைக்கு அந்தப் பக்கம் எந்தப் புளியமரத்தை இவருக்குத் தெரியும்?

ஓடை நெருங்கியது. போன மழையில் அங்கே இருந்த சின்னப் பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. ரோட்டின் குறுக்கே முள் வெட்டிப் போட்டு, இடது பக்கமாக மணலுக்குள் புதுத்தடம் இறக்கியிருந்தார்கள். தூரத்திலிருந்தே நான் பார்த்துவிட்டேன். அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை.

இப்போது திருப்புவார், இப்போது திருப்புவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. வாயைத் திறக்க என்ன கேடு? அப்பாவைத் திருத்திப் பழக்கமில்லை, அவ்வளவுதான். முள் வண்டியின் மூக்கில் நறநறவென்று முறிகிற சத்தம் கேட்டபோதுதான் "அப்பா!" என்று கத்திக் கைப்பிரேக்கை முழுப் பலத்தோடு இழுத்தேன். மண்வெட்டியும் டின்களும் பின்னாலிருந்து முதுகில் வந்து மோதின. எஞ்சின் நின்றது. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் மெள்ளச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாலம் எங்கேடா?" என்றார் அப்பா.

"போயிடுத்து. முள்ளு போட்டிருக்கா. கண்ணுக்கு எதிர்லே போட்டிருக்கா!" என்று இரைந்தேன். "என்னையும் சேர்த்துன்னா கொல்லப் பார்த்தேள்? எத்தனை நாளாப்பா இது?"

அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. "பெங்களூர் கண் டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன், போன கார்த்திகையில. வலது கண்ணு போயாச்சு. இன்னொண்ணு ஒரு வருஷம் தாங்கினா அதிகம்னுட்டான்" என்றார். "பனி வெள்ளையாத்தானேடா இருக்கும். வெள்ளை எனக்கு இன்னும் தெரியறது."

எனக்கிருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு இறங்கினேன். பக்கத்து வயல்காரர்கள் இரண்டு மாட்டைப் பூட்டி வடக்கயிற்றால் வண்டியைப் பின்னுக்கு இழுத்தார்கள். ஆற்றுக்கென்று வாங்கிய கயிறு அன்றைக்கே உதவியது. மணலில் நானே மூன்று தடவை இறக்கி ஏற்றினேன். இரண்டு தடவை புதைந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டே "இப்போ கியர் மாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வருகிற வழியில் இரண்டு பேருமாகச் சதி செய்தோம். புதன்கிழமை தெருமுனை வரை அவர் ஓட்டுவது, அவருக்குத் தெரு மனப்பாடம். முனை திரும்பி அம்மா கண்ணுக்கு மறைந்ததும் நான் மாறிக்கொள்வது. மைசூருக்கு ஒரு மைல் முன்னால் இடம் மாறி, அவரே ஓட்டிக்கொண்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா வண்டியின் மூக்கில் சிக்கியிருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

புதன்கிழமை காலை. தெருவே கூடிவிட்டது. டயர் மாட்டி, சாமான் ஏற்றி, அப்பா ஸ்டியரிங்குக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த வீட்டு அம்மா பரஸ்தான மூட்டையை நேரே வண்டியில் கொண்டுவந்து வைத்துக் குங்குமம் கொடுத்தார். அம்மா மூட்டையை அவிழ்த்தாள். தோல் உறையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்தாள். அவரிடம் நீட்டினாள்.

அப்பா போட்டுக்கொண்டார்.

"தெரியறதா?" என்றாள் அம்மா.

ஒரே ஒரு வார்த்தை. தெரிகிறது என்று அவர் சொல்லிவிட்டால் போதும், நாங்கள் போய்விடலாம். அப்பா அவள் நின்ற பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் வைத்தார். வண்டியை விட்டு இறங்கி, அதன் மூக்கைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"அவன் ஓட்டட்டும்" என்றார், தெரு முழுக்கக் கேட்கும்படி.

"இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்றாள் அம்மா. "காப்பி டம்ளரைத் தினம் ஒரே இடத்துல எதுக்கு வெக்கறேன்னு நெனச்சிண்டேள்? நீங்கதான் ஓட்டணும்னு சொன்னா, முடியலைடின்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுவேளோன்னு பார்த்தேன்."

அவள் கை வண்டிக் கதவின் மேல் இருந்தது. அதை அப்பா தடவிக் கண்டுபிடித்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். போகவேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பரஸ்தானம் வெச்சாச்சு. போயிட்டு வாங்கோ" என்றாள்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். "வழியில இருக்கறதையெல்லாம் ஒண்ணு விடாம சொல்லிண்டு வரணும்" என்றார் அப்பா.

வண்டி குலுங்கி நகர்ந்தது. "வலது பக்கம் தொழுவம்" என்றேன்.

"அதைப் பார்த்துப் போ. பசு நிக்கறதா?"

எட்டிப் பார்த்தேன். "இல்லை. கன்னுக்குட்டியோட கொல்லைப்புறத்துல கட்டியிருக்கா."

"எப்போ கட்டினாளாம்?"

கன்னுக்குட்டியின் தாம்புக் கயிறுகூட முளையில் இல்லை. சாணியெல்லாம் காய்ந்து கிடந்தது. "நேத்தே கட்டியிருப்பா போல இருக்குப்பா" என்றேன்.

"நீதான் ஓட்டுவேன்னு உங்கம்மா நேத்தே சொல்லிவெச்சிருக்கா" என்றார் அப்பா. பிறகு தலையைத் திருப்பி, தெருவில் அவள் நின்றுகொண்டிருந்த இடத்தைப் பார்த்து, நாங்கள் முனை திரும்புகிறவரை கையை ஆட்டிக்கொண்டே வந்தார்.