கண்ணாடியைக் குறை சொல்லும் உரிமை

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. இருபத்தாறு வருடமாக நடத்துகிறேன். கண்ணாடி வாங்கிப் போனவர் மறுநாள் காலையில், நான் கடை திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நிற்பார். அதுதான் இந்தத் தொழிலின் இயற்கை. "தரை மேடும் பள்ளமுமா தெரியுது", "படி எறங்கினா கிறுகிறுங்குது", "இடது காது மட்டும் வலிக்கி" என்று ஆரம்பித்து, நான் மனிதப் பிறவியே அல்ல என்பது வரைக்கும் போவார்கள். நான் சிரித்த முகமாகவே கேட்டுக்கொள்வேன் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். கடையில் பில் போடும் என் மனைவி பக்கத்தில் இல்லாத இடங்களில்.

எனக்கு எல்லா விஷயத்திலும் ஒரு கருத்து உண்டு. காலை பதினொரு மணிக்கு எதிர்த்த டீக்கடையில் அதை வெளியிடுவேன். டீ வாங்கிக் கொடுப்பது நான் என்பதால் எதிர்க்கட்சி கிடையாது. ஜெயிலில் இருப்பவர்களைப் பற்றி அங்கே ஒருநாள் பேச்சு வந்தது. கைதிகளுக்கு என்னென்ன உரிமை இருக்க வேண்டும் என்று யாரோ டிவியில் பேசினாராம்.

"உள்ள போனவனுக்கு உரிமை என்ன வே உரிமை?" என்றேன். "மூணு வேளை சோறு போடுதோம். மழைக்கு ஒழுகாத கூரை இருக்கு. வெளிய இருக்க பாதிப் பேருக்கு அது இல்ல. அதுக்கு மேல என்ன வேணுங்குதாவ?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அன்று வடையும் நான்தான்.

இப்படிப்பட்ட நான், ஒரு சிறைச்சாலையில் நாற்பது கைதிகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்தேன் என்றால் ஆச்சரியமாக இருக்கும். எங்கள் வியாபாரிகள் சங்கம் அங்கே கண் பரிசோதனை முகாம் நடத்தியது. பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்று சொன்னார்கள். கொள்கை வேறு, போட்டோ வேறு. எந்தச் சிறை என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கே இன்றைக்கும் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

டாக்டர் நாற்பது பேரைப் பரிசோதித்து ஒரு பட்டியல் கொடுத்தார். பெயர்கள் இல்லை. இடது பக்கம் கைதி எண், வலது பக்கம் பவர். கம்பி ஃபிரேம் கூடாது, கண்ணாடி லென்ஸ் கூடாது, எல்லாமே பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

"நான் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தாரேன்" என்றாள் மனைவி.

"இருபத்தாறு வருஷ அனுபவம் இருக்கு" என்று சொல்லி, ஆர்டர் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் கைதி எண்களை எல்லாம் மேலிருந்து கீழாக வரிசையாக எழுதிவிட்டேன். பிறகு எதிரே பவரை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். நடுவில் போன் வந்தது. என் சேவை மனப்பான்மையைப் பாராட்டி சங்கத் தலைவர் பேசினார். பத்து நிமிடம் அடக்கமாக மறுத்துவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தேன். கடைசிக்கு வந்தபோது நாற்பதாவது எண்ணுக்குப் பவர் இல்லை. டாக்டர் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணினேன். எப்படியும் வெள்ளெழுத்து வந்த வயசுக்காரராகத்தான் இருப்பார்; ரெண்டு பவர் போட்டால் ஏதாவது தெரியத்தான் செய்யும். போட்டேன்.

கண்ணாடி வழங்கும் நாளில் ஒவ்வொருவராக வந்து வாங்கி, மாட்டிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் மாட்டினார், கழற்றினார், திரும்ப மாட்டினார். என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். பின்னால் நின்ற வார்டர் "நகரு, நகரு" என்றார். பெரியவருக்கு நன்றியில் நா தழுதழுத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அன்று மாலை வீட்டில் அதை நடித்துக்கூடக் காட்டினேன்.

மூன்றரை மாதம் ஓடியது. சிறையிலிருந்து ஒரு குறை வரவில்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: "நாப்பது பேரு. ஒருத்தர் ஒரு குறை சொல்லல. வெளிய இருக்க மனுசனுக்குத்தான் எதுலயும் திருப்தி கிடையாது." கைதட்டினார்கள். வழங்கும்போது எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிவைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் துணிப்பையோடு கடைக்குள் வந்தார். இரண்டு வாடிக்கையாளர்கள் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு என் எதிரே உட்கார்ந்து, முகத்தில் இருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அண்ணாச்சி, இது நீங்க குடுத்ததுதான?"

ஃபிரேமைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் பரோலில் வந்திருந்தார். நாங்குநேரிப் பக்கம் ஊர்.

"ஆமா, ஆமா. எப்படி இருக்கு?" என்றேன். பாராட்டைக் கேட்கும் ஆசையில் மனைவியையும் பக்கத்தில் கூப்பிட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என்னுது இல்ல."

"பின்ன யாருது?"

"அது உங்களுக்குல்லா தெரியணும்."

பிறகு அவர் நிதானமாக விளக்கினார். முதல் வாரமே பாதிப் பேருக்கு மண்டையிடி. ஒருநாள் சாயங்காலம் அறையில் அடைப்பதற்கு முன் எல்லோரும் உட்கார்ந்து ஒருவர் கண்ணாடியை ஒருவர் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். பதினாறு பேருக்குச் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு, ஒவ்வொருவருக்கும் பொருந்தும் கண்ணாடி அவருக்கு முந்தின ஆள் முகத்தில் இருந்தது.

"ஒரு வரிசை தள்ளிப் போயிட்டு அண்ணாச்சி. நீங்க எழுதிக்கிட்டு இருக்கும்போது யாரோ கூப்பிட்டிருக்காவ. அப்படித்தான?"

மனைவி உள்ளே போய், டாக்டர் கொடுத்த பட்டியலையும் என் நோட்டையும் எடுத்துவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பதினேழாவது வரியில் விரலை வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

"அதான் நீங்களே மாத்திக்கிட்டீங்கள்லா? பிரச்சனை தீந்துட்டே" என்றேன்.

"எங்கன தீந்துச்சு? ஒவ்வொரு கண்ணாடியிலயும் நம்பர் ஒட்டியிருக்கு, பதிவேட்டுல ஏத்தியிருக்கு. சோதனைக்கு வரும்போது அவனவன் நம்பரு அவனவன் மூஞ்சியில இருக்கணும். அன்னைக்கு நாங்க எல்லாரும் செவத்தப் புடிச்சிக்கிட்டுத்தான் நடக்கோம்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"மனுப் பொட்டியில எழுதிப் போட்டோம். ஓசியில வந்ததுக்குக் குறை வேறயான்னுட்டாங்க. உங்க கண்ணாடிக் கூட்டுக்குள்ள ஒரு சீட்டு இருந்துச்சு. 'குறை இருந்தால் ஏழு நாட்களுக்குள் ரசீதுடன் நேரில் வரவும்'னு. அதை வாசிச்சுக் காட்டுனேன். எங்க பெரியவரு, 'அப்ப ஏழு நாளைக்குள்ள நம்மள வெளிய விடச் சொல்லு'ன்னாரு."

பெரியவர் என்றால், அன்று வாயைத் திறந்து மூடியவர். பதினேழாவது ஆள். மற்றவர்களுடைய கண்ணாடியாவது சிறைக்குள் எங்கோ ஒரு முகத்தில் இருந்தது. அவருடையது உலகத்திலேயே இல்லை. நான் செய்யவே இல்லை. அவர் முப்பத்தொன்பது கண்ணாடியையும் மாட்டிப் பார்த்துவிட்டாராம்.

கிளம்பும்போது அந்த நாங்குநேரிக்காரர் சொன்னார்: "அவருக்கு மக லெட்டர் போடும். வாசிச்சுக் காட்டுதது நான்தான். இனி என்னால முடியாது அண்ணாச்சி. சீக்கிரம் செஞ்சு குடுங்க."

ஏன் முடியாது என்று கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது என்னைப் பற்றிய கவலையே பெரிதாக இருந்தது. விஷயம் சங்கத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

பெரியவரின் கண்ணாடியை அன்று மதியமே செய்து முடித்தேன். உள்ளே போக அனுமதி கிடைக்க ஒன்பது நாள் ஆயிற்று. சிறையின் நலன் அலுவலர் ஒரு இளம்பெண். ஒரு அறையில் மேஜை போட்டுக் கொடுத்துவிட்டு, "தப்பு எப்படி சார் நடந்தது?" என்று கேட்டார்.

"லென்ஸ் கம்பெனியில என்ன ஆச்சுன்னா மேடம்…" என்று ஆரம்பித்தேன். வழியெல்லாம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் அது. கதவுப் பக்கம் வரிசையில், பரோல் முடிந்து திரும்பியிருந்த நாங்குநேரிக்காரர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் மேடம். வரிசை தப்பிட்டு" என்றேன்.

அதன்பிறகு இரண்டு மணி நேரம் ஏச்சு வாங்கினேன். எண்களைக் கிழித்து மாற்றி ஒட்டிக்கொண்டே வாங்கினேன். மூக்கில் தழும்பு விழுந்தது, ஃபிரேமின் கால் கழன்றது, கழுவும்போது நிறம் உரிந்தது என்று வரிசையாக வந்தார்கள். வார்டர் இரண்டு தடவை "மெதுவாப் பேசு" என்று அதட்டினார். நலன் அலுவலர், "பேசட்டும்" என்றார். ஒருவர் என்னைப் பார்த்து, "இதுக்கு முன்னால என்ன வேலை பாத்தீரு?" என்று கேட்டார். இருபத்தாறு வருடமாக இதே வேலைதான் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

கடைசியாகப் பெரியவர் வந்தார். எழுபதை நெருங்கிய வயது. எதற்காக உள்ளே இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிவிட்டேன். நான் நீட்டிய எழுத்து அட்டையை அவர் தொடவில்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்தார்.

"இவன் நல்லாத்தான் வாசிப்பான்" என்று நாங்குநேரிக்காரரைக் காட்டினார். "ஆனா கெட்ட சேதி இருந்தா இவன் எச்சில் முழுங்குவான். வாசிக்காமத் தாண்டிருவான். குரல்ல தெரிஞ்சிரும். அதான் எனக்கு நானே வாசிக்கணும்."

மேலே இருந்த கடிதத்தைப் பிரித்து, உதட்டை அசைத்து வாசித்தார். அதை மடித்துவிட்டு அடுத்ததைப் பிரித்தார். மூன்றாவதில் நின்றுவிட்டார். அதே இடத்தைத் திரும்ப வாசித்தார்.

"ஏலே, இதை நீ வாசிக்கலையே."

"இல்ல."

"எந்தம்பி செத்துப்போனான்னு போட்டிருக்கு."

"வாசிக்கணும்னுதான் எடுத்தேன். வாய் வரல."

பெரியவர் கடிதத்தின் தேதியைப் பார்த்தார். நான் கண்ணாடி வழங்கி மூன்று வாரத்துக்குப் பிறகு எழுதிய கடிதம்.

"கூடப்பிறந்தவங்க இறந்தா லீவு கேட்கலாம்யா" என்றார் நலன் அலுவலர் தணிந்த குரலில். "எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே எழுதியிருப்பேன்."

"பதினாறாம் நாள் காரியத்துக்காவது போயிருக்கலாம்" என்றார் பெரியவர்.

நான் கையில் சின்னத் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தேன். டீக்கடையில் எந்த விஷயத்துக்கும் வார்த்தை தேடாத வாய், "மன்னிச்சிருங்க" என்பதை இரண்டு துண்டாகத்தான் சொன்னது. அவர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"வலது காதுப் பக்கம் இறுக்குது" என்றார். "பைய தளத்திக் குடுங்க."

கழற்றி வாங்கி, சூடு காட்டி வளைத்துக் கொடுத்தேன். மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது. மூன்று முறையும் அவர் பொறுமையாக மாட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்றார். பிறகு சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, நாங்குநேரிக்காரரைப் பக்கத்தில் இருத்தி, தம்பியின் சாவைப் பற்றி மகள் எழுதியிருந்ததை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டினார். கேட்டவர் அழுதார். வாசித்தவர் நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் போட்டோவைக் கழற்றினேன். சங்கத்தில் நானே எழுந்து நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை கைதட்டல் இல்லை. டீக்கடையில் இப்போதெல்லாம் வேறு பிரசங்கம் செய்கிறேன். உள்ளே இருப்பவனுக்கு அவன் கண்ணுக்கு உள்ள பவர் வேண்டும், அவன் கடிதத்தை அவனே வாசிக்க வேண்டும், வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்கே அவனுக்குத் தெரிய வேண்டும், ஓசியில் கொடுத்தவனையும் அவன் ஏசலாம் என்று மேஜையைத் தட்டிப் பேசுகிறேன். "போன வருசம் இதே மேஜையத்தான் தட்டுனீங்க" என்கிறாள் மனைவி. அவள் டீக்கடைக்கு வந்ததே இல்லை. அங்கிருந்து எங்கள் கடைவரைக்கும் என் குரல் கேட்குமாம்.

சிறைக்குக் கொடுக்கும் கண்ணாடிக் கூட்டுக்குள் இப்போது என் முகவரி எழுதிய ஒரு தபால் அட்டை வைக்கிறோம். குறையை எழுதி அனுப்பலாம். அது தடங்கல் இல்லாமல் வந்து சேர அனுமதி வாங்க நலன் அலுவலர் ஏழெட்டு மாதம் அலைந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நான் அங்கே போய் மேஜை போட்டு உட்காருகிறேன். பவர் பட்டியலை மனைவிதான் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். என்னைத் தொட விடுவதில்லை.

பெரியவர் அடுத்த பொங்கலுக்கு முன் விடுதலையாகிவிட்டார். எந்த ஊர் போனார் என்று தெரியாது. நாங்குநேரிக்காரர் இன்னும் உள்ளே இருக்கிறார். யார் முதலில், யார் அடுத்து என்று வரிசையை ஒழுங்குபண்ணுவது அவர்தான்.

போன சனிக்கிழமை புதிதாக வந்த ஒருவர், லென்ஸில் கீறல் விழுந்த கண்ணாடியை மேஜையில் போட்டு, "இப்படித்தான் குடுத்தீரு" என்று சத்தம் போட்டார். பச்சைப் பொய். சிமெண்டுத் தரையில் தேய்ந்த கீறல் எனக்குத் தெரியாதா? தெரியும் என்று நானும் சத்தம் போட்டேன். அவர் விடவில்லை. கால் மணி நேரம் இருவரும் கத்தினோம். கடைசியில் லென்ஸை மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டு, அவர் பெயரையும் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.