புகையிலைக்கு நாற்பது டாலர்

பதினொரு ஆண்டுகளில் பதினேழு நிதி விண்ணப்பங்கள் எழுதியவர் வெர்னா டெஃபோ. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள ஓஜிப்வே பழங்குடிக் குடியிருப்பின் மருத்துவமனையில் அதுதான் அவர் வேலை. ஆண்டுதோறும் ஒரே வரி அடிக்கப்பட்டுத் திரும்பி வரும்: புகையிலைக்கு நாற்பது டாலர். ஆண்டுதோறும் நிதி தரும் அலுவலகத்தின் அதிகாரி மாறுவார். வெர்னா மறுபடி விளக்கி அந்த வரியை மீட்பார்.

நிதி, சிகரெட்டை விடவைக்கும் முகாமுக்கானது. வேண்டிக்கொண்டு நெருப்பில் இடும் புகையிலை வேறு, சிகரெட் வேறு என்று அங்கே பேசுபவர் வெர்னாவின் சித்தப்பா மகன் ரஸ். அவர்கள் வழக்கப்படி, புகையிலையைக் கையில் கொடுத்துத்தான் அவரை அழைக்க வேண்டும். அவர் வராவிட்டால் முகாம் இல்லை.

அன்றும் வெர்னா தொலைபேசியில் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"அதுக்குப் பதிலா ஒரு பரிசு அட்டை குடுத்துடலாமே மேடம்?" என்றார் அதிகாரி.

எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த ரஸ் காதில் அது விழுந்தது. "அட்டைய நெருப்புல போட்டா பிளாஸ்டிக்தான் நாறும்க்கா."

வெர்னா தொலைபேசியைக் கையால் பொத்தினார். "சும்மா இருடா. என் காசுலயே வாங்கித் தந்துடறேன்."

"நீ குடுத்தா உன் வீட்டுக்கு வரேன். ஆஸ்பத்திரிக்கு நான் வேணும்னா ஆஸ்பத்திரிதான் குடுக்கணும்."

ஒரு மணி நேரத்தில் அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. "நியாயம்தான் மேடம். ஆனா வெள்ளிக்கிழமையோட நான் வேலைய விடறேன். புதுசா வர்றவங்ககிட்ட இதையே ஒரு தடவை சொல்லிடுங்க."

முகாம் அடுத்த வாரப் புதன்கிழமை. புது அதிகாரி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அழைப்பார்.