தீர்ப்பில் சேர்த்த ரொட்டி

பெரு நாட்டின் அரேகிபா நகரில் எலோய் சுடும் மூன்று முனை ரொட்டிக்கு விடியும்போதே வரிசை நிற்கும். அப்பேர்ப்பட்ட கைதேர்ந்தவன், ஒரு வருடமாகத் தன் மகள் லுஸ்மிலாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கிடந்தான். குற்றம் அவனுடையதுதான். குடித்துக் குடித்தே குடும்பத்தை நாசமாக்கினான். மனைவி நில்டா ஏழு வயதுப் பிள்ளையோடு அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் குடியை விட்டு எட்டு மாதமாகியும் அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டு அவள் வழக்குப் போட்டபோது அவன் சந்தோஷப்பட்டான் என்றால் நம்புவீர்களா? அவனையும் கூப்பிட்டுப் பேசவிட ஓர் இடமாவது கிடைத்ததே.

விசாரணையன்று பள்ளிச் செலவு, மருந்து, செருப்பு எல்லாவற்றையும் நில்டாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்ட நீதிபதியம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"சம்பளச் சீட்டு இருக்கா?"

"கையில வாங்குறதுதாம்மா. சீட்டெல்லாம் கெடையாது."

"அப்ப அரசாங்கம் சொல்ற குறைஞ்ச சம்பளத்தை வெச்சுத்தான் கணக்குப் போடணும். பிள்ளையை வளர்க்கிற உழைப்பும் இவங்க குடுக்குற பங்குதான். நீங்க மாசம் நானூறு சோல் கட்டுங்க."

அந்த அறைக்கு வருகிற ஆண்கள் இந்த இடத்தில்தான் மூக்கால் அழுவார்கள். எலோய் எழுந்து நின்றான்.

"கட்டுறேம்மா. அதுக்கு மேல தினம் ஆறு ரொட்டியும் நான் குடுக்கணும்னு எழுதிடுங்க."

அவனுடைய வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "யோவ், வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருய்யா. நானூறுக்கே வழியைக் காணோம்."

எலோய் போட்ட கணக்கு வேறு. உத்தரவில் ஏறிவிட்டால் கதவைச் சாத்த முடியாது. சூடு ஆறுமுன் கொண்டுபோய் லுஸ்மிலா கையிலேயே கொடுக்கலாம். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் அவன் உயிர் ஏங்கியது.

நீதிபதி நில்டாவைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதமா?"

"குடுக்கட்டும்மா," என்றாள் அவன் பக்கம் திரும்பாமலே. "காலைல அஞ்சு மணிக்கு வந்து வாசல் கேட்டுல பையை மாட்டிட்டுப் போகட்டும். பிள்ளை ஏழு மணிக்குத்தான் எந்திரிப்பா."

"பிள்ளையைப் பார்க்கணும்மா." எலோய் நீதிபதியிடம் திரும்பினான்.

"அது வேற வழக்குப்பா. தனியா மனு போடுங்க."

ரொட்டி ஆறு, நேரம் ஐந்து மணி என்று எழுத்தர் தட்டச்சு செய்தார்.

மறுநாள் சரியாக ஐந்துக்குப் போய்ப் பையை மாட்டினான். ரொட்டி இன்னும் சுட்டது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். தூங்குகிற பிள்ளை விழித்துக்கொள்ளுமே என்று இறக்கிக்கொண்டான்.