பதினோரு ஆச்சாக் கன்றுகள்

ஓசூரில் இருபத்திரண்டு வருடமாக நான் செய்வது ஒரே வேலைதான். லைனில் வரும் உதிரிபாகத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். சரியில்லை என்றால் சிவப்பு டேக் கட்டுவேன். டேக் விழுந்ததைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேச மாட்டார்கள். ஷிஃப்ட் முடிவதற்குள் எடுத்துப் போய் ரிஜெக்ஷன் தொட்டியில் போட்டுவிடுவார்கள். குவாலிட்டிக்காரன் என்றால் முசுடு என்று பெயர். அந்தப் பெயரை நான் பாடுபட்டுத்தான் வாங்கினேன்.

இப்படிப்பட்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் காட்டுப் பைத்தியம். சூளகிரிக்கு அப்பால், புதிதாக எழும்பும் கம்பெனிச் சுவர்களுக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது. வனத்துறை இடம். அதைக் காடு என்று சொல்வதே ஒரு மரியாதைக்காகத்தான். தரை முழுக்க உண்ணிச்செடி. மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்துக் கிடக்கும், பைக்கை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களும் உண்டு. உள்ளே ஓர் ஆடு நுழைய முடியாது. நுழைந்தாலும் அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. உண்ணியின் அடியில் வெயில் படாது, வேறு விதையும் முளைக்காது. இருக்கிற மரங்கள் எல்லாம் கிழங்கள். ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன, அவற்றின் இடத்துக்கு வர ஒன்றும் இல்லை.

அந்தக் குன்றில் ஒரு ஞாயிறு முழுக்க உண்ணி பிடுங்க அனுமதி கேட்டு, ஆறு மாதம் அலைந்து வாங்கினேன். அதற்கு முந்தைய வாரம் வனக்காவலரும் நானும் இடம் பார்க்கப் போனோம். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ் பேசும் மனிதர். கீழ்ச் சரிவில் ஒரு புதருக்குள் தவழ்ந்து போனவர், உள்ளிருந்தே கத்தினார்.

"சார், பேகன வாங்க, சீக்கிரம்! குட்டி ஆச்சா இருக்குது!"

ஆச்சா மரத்தின் கன்று, முழங்கால் உயரம்கூட இல்லை. ஆட்டுக் குளம்பு பதிந்த தடம் மாதிரி, இரண்டிரண்டாக ஒட்டிய இலைகள். தேடத் தேடப் பதினொன்று கிடைத்தன. மேலே நின்ற தாய்மரம் போன கோடையில்தான் பட்டுப்போயிருந்தது.

"இந்தக் குன்னுல நானு குட்டி ஆச்சா பாத்து எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா சார்? இது போச்சுன்னா இங்க ஆச்சாவே முடிஞ்சுது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான். ஆலையில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

கூட்டமாக வந்து கொத்தும்போது கன்று மிதிபடக் கூடாதே என்று ஓசூர் கடைவீதியில் ரிப்பன் வாங்கினேன். பச்சைக்குள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சிவப்பு. பதினொன்றுக்கும் நானே முடிச்சுப் போட்டேன், தண்டு நோகாமல்.

அந்த ஞாயிறு காலையில் முதல் வேனில் உதவிக்கு வந்தவர்களை நிற்க வைத்து எல்லாம் விளக்கினேன். உண்ணியை வெட்டினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மழைக்குத் திரும்பத் துளிர்த்துவிடும். சிவப்பு ரிப்பன் கட்டியது கன்று, அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும். தலையாட்டினார்கள். அவர்களையும் காவலரையும் கூட்டிக்கொண்டு மேல் சரிவுக்குப் போனேன்.

இரண்டாவது வேன் எங்கள் ஆலையிலிருந்து வர வேண்டியது. நைட் ஷிஃப்ட் முடித்து நேராகக் கிளம்பிய பன்னிரண்டு பேர். நெடுஞ்சாலையில் லாரி நெரிசலில் சிக்கி ஒன்றரை மணி நேரம் தாமதம். நான் மேலே வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தேன். இறங்கி வர அலுப்பு. பாறைமேல் நின்று கீழே பார்த்துக் கத்தினேன்.

"உண்ணிய வேரோட எடுங்க! அந்தப் பக்கம் ரெட் டேக் கட்டியிருக்கு, அதப் பாத்துக்கோங்க!"

ரிப்பன் என்று சொல்லவில்லை. டேக் என்றேன். வாய்ப் பழக்கம். ஆலையில் ஒரு நாளைக்கு இருபது தடவை அதே ஆட்களிடம் அதே வாக்கியத்தைச் சொல்கிறவன் நான்.

"சரி சார்!" என்று கீழிருந்து பதில் வந்தது.

மதியம் இறங்கி வந்தேன். அசெம்பிளி லைனில் வேலை செய்யும் தர்மபுரிக்காரப் பெண் ஒருவர்தான் அந்தக் குழுவுக்குத் தலைமை. இரவு முழுக்கக் கண் விழித்த முகம், கையெல்லாம் முள் கீறல், ஆனால் அப்படி ஒரு சிரிப்பு.

"சார், ரெட் டேக்கு எல்லாம் முடிச்சாச்சு. பதினொண்ணு. ஒண்ணுகூட விடல. உண்ணி வேருதான் கல்லு மாதிரி, பாதிக்கு மேல இடுப்போட வெட்டத்தான் முடிஞ்சுது. இத மட்டும் கடப்பாரை போட்டு ஆணிவேரோட எடுத்துட்டோம்."

பதினொன்றும் ஓரமாக, வேர் ஒரு பக்கம் தலை ஒரு பக்கமாக, வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. இலை சுருண்டுவிட்டது. ஒவ்வொன்றின் கழுத்திலும் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

காவலர் என் பின்னாலேயே இறங்கி வந்தவர், குனிந்து ஒன்றை எடுத்தார். தண்டைவிட வேர் இரண்டு மடங்கு நீளம். "சார், இது..." என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கன்றைக் கீழே வைத்தார்.

மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு ஒவ்வொன்றாகக் குழி தோண்டித் திரும்ப நட்டு, தண்ணீர் ஊற்றினேன். ஆணிவேரோடு பிடுங்கிய ஆச்சா பிழைக்காது என்று தெரிந்துதான் ஊற்றினேன். நான்கு நாளில் குச்சியாகிவிட்டன.

அவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தூக்கத்தை விட்டு வந்தவர்கள், மனசு உடைந்துபோகும் என்பதெல்லாம் பாதிதான் உண்மை. மீதி, வெட்கம். ஊரார் வேலையில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவனுக்குத் தன் குறையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "நல்லா செஞ்சீங்க" என்றேன். எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அது இன்றும் எங்கள் கேன்டீன் போர்டில் இருக்கிறது, சாப்பிடும்போது அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பெண் விடவில்லை. "நாம செஞ்சத ஒருக்கா பாத்துட்டு வரலாம் சார்." எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் போனோம். மேல் சரிவு, கீழ்ச் சரிவு, எங்கும் உண்ணி. வெட்டின ஒவ்வொரு கட்டையிலிருந்தும் நாலு நாலாகக் கிளைத்து, முன்னைவிட அடர்த்தியாக, ஆரஞ்சும் மஞ்சளுமாக. அவர் முகம் வாடிவிட்டது. கிளைகளை விலக்கிக்கொண்டு கீழே நடந்தார். கொஞ்ச நேரம் குனிந்து குனிந்து தரையைத் தேடினார். பிறகு நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டார். குரலில் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது.

"சார், மத்ததெல்லாம்தான் வந்துருச்சு. நாங்க எடுத்த அந்த ரெட் டேக்கு செடி ஒண்ணுகூட திரும்ப முளைக்கல, பாருங்க!"