ஒரே ஒரு உருண்டை

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். மாடு ஒன்றே ஒன்று. அது எங்களுடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஒரு மாட்டுப் பொங்கலின்போது அவள் நிறைமாதச் சினை.

கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, வாசலில் நிறுத்தினோம். வீட்டுக்கு ஒருவராக வந்து கும்பிட்டுச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டினார்கள். மாட்டுக்குக் கொடுக்காமல் எங்கள் லயத்தில் யாரும் பொங்கலில் வாய் வைப்பதில்லை.

மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பியிருந்தது. புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அசை போடவும் இல்லை. தாயும் கன்றும் சேர்ந்து போய்விடுமோ என்று எனக்கு உயிரே இல்லை. கொழுந்து பறிக்கப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் அட்டன் டவுனுக்கு ஓடி மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் சிங்களவர், தங்கமான மனிதர்.

"பொங்கல் எவ்வளவு குடுத்தது?" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார்.

"ஒரே ஒரு உருண்டைதாங்க" என்றேன்.

"நாங்களும் ஒன்னுதாங்க குடுத்தோம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அடுத்த வீடும் அதையே சொன்னது. டாக்டர் விரல் மடக்கி எண்ணினார். பத்து விரலும் போதவில்லை.

புல்லைச் செரிக்கிற வயிற்றில் அவ்வளவு சோறும் சர்க்கரையும் ஒன்றாக இறங்கினால், புளித்துப்போய்ச் செரிமானமே நின்றுவிடுமாம். ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் போத்தலால் புகட்டினார். மெல்ல எழுப்பி நடக்க வைக்கச் சொன்னார்.

"மாட்டக் கொல்லத்தான் பொங்குனீங்களா?" என்று லயத்தையே பிடித்து ஏசினேன். ஏச்சை வாங்கிக்கொண்டே எல்லாரும் முறைபோட்டுக் கயிற்றைப் பிடித்து அவளை நடத்தினார்கள்.

பொழுது சாயும் நேரம் பெரிய ஏப்பம் ஒன்று விட்டாள். கொஞ்ச நேரத்தில் தாடை அசைந்தது.

"அசை போடுதுடி!" என்று கயிற்றைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள்.

லயமே கைதட்டியது. சந்தோசம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரியைக் கட்டிக்கொண்டேன். அவளைத்தான் அதிகம் ஏசியிருந்தேன்.

"நெசமா நீ எத்தன உருண்ட குடுத்த?" என்று என் வீட்டுக்காரர் காதோடு கேட்டார்.

"நாலுங்க."

அடுத்த வருடம் கன்றும் மாலையோடு வாசலில் நின்றது. பொங்கல் உருண்டைக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு கட்டுப் புல் வந்தது. பூசை முடியும்வரை என் வீட்டுக்காரர் என் வலது கையை விடவே இல்லை.